நீச்சலும் பள்ளியும்: 15 வயது மகளின் நாளில் எதைக் குறைப்பது?

இருகரை:

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 15 வயது. நீச்சல் வீராங்கனை. 200, 400 மீட்டர் தனிநபர் மெட்லி அவளுடைய போட்டிகள். பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் என்று நான்கையும் அதே வரிசையில் நீந்த வேண்டும். மூன்றில் தேறினாலும் நான்காவது காலை வாரிவிடும். இவளுக்கு அது பிரெஸ்ட்ஸ்ட்ரோக். போன சீசனில் தேசிய ஜூனியர் போட்டிக்கான தகுதி நேரத்தைத் தொட்டுவிட்டாள். அன்றோடு வீட்டில் நிம்மதி போனது.

அவளுடைய நாள் இப்படி. 4.15க்கு எழுகிறாள். 5 முதல் 7 வரை தண்ணீர். 8.30க்குப் பள்ளி. 3.30க்கு விட்டதும் நேராக நீச்சல்குளம், 4.30 முதல் 7 வரை. அதில் முதல் அரை மணி தரைப் பயிற்சி. வீடு வந்துசேர ஏழே முக்கால். குளித்து, சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி ஒன்பதை நெருங்கிவிடும். பதினொன்றேகாலுக்குப் படுக்கிறாள், சில நாள் அதற்கும் மேலே. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம். ஞாயிறு மட்டும் ஓய்வு, அன்றைக்கு மதியம் வரை எழுந்திருப்பதில்லை.

வேதியியலில் எண்பதுக்குக் கீழே இறங்காதவள் சென்ற தேர்வில் 46. கணிதம் 61. மொழிப்பாடமும் வரலாறும் பரவாயில்லை. "கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள்" என்கிறார் வகுப்பாசிரியை. "இன்னும் இரண்டு வருடம் இப்படி உழைத்தால் எங்கேயோ போய்விடுவாள், இப்போது போய் குறைக்காதீர்கள்" என்கிறார் கோச். என் கணவர் கோச் பக்கம், மாமியார் பள்ளி பக்கம். நான் எந்தப் பக்கம் என்றால், இரவு பதினொரு மணிக்கு அவள் அறை வாசலில் நின்று, விளக்கை அணைப்பதா, "கணக்கு முடிஞ்சுதா" என்று கேட்பதா என்று முழிக்கிற பக்கம்.

தேசியப் போட்டி முடிந்து இரண்டு வாரம்கூட இல்லை, ஆண்டு இறுதித் தேர்வு தொடங்கிவிடும். அதுதான் பெரிய பயம்.

காலைப் பயிற்சியில் கை வைக்கலாமா? பள்ளியிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்பது? ஒரு வருடம் பள்ளியைப் பகுதி நேரமாக்குவது சரியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

டர்போ:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பள்ளியை நிறுத்துங்கள். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. 2024 டிசம்பரில், 18 வயதில் உலக செஸ் சாம்பியன். தேர்வை 20 வயதிலும் எழுதலாம், தேசிய ஜூனியரை 20 வயதில் நீந்த முடியுமா? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டும் கிடைக்காது. கோச் சொல்வதைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

---

அமிலமும் காரமும்:

வேதியியல் 46 என்று கண்ணில் பட்டதும் உட்கார்ந்துவிட்டேன். நான் உயர் வகுப்புகளுக்கு வேதியியல் எடுப்பவள். போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் விடுப்பு, மறுதேர்வு, விட்டுப்போன பாடம் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும் பொறுப்பும் எங்கள் பள்ளியில் என் தலையில்தான். வேறு யாரும் கேட்டு வாங்காத வேலை என்பதால் வருடக்கணக்காக என்னிடமே இருக்கிறது.

முதலில் டர்போ தம்பிக்கு ஒரு வார்த்தை. குகேஷ் குடும்பம் எடுத்த முடிவு பலித்தது, சந்தோஷம். அதே முடிவை எடுத்துப் பலிக்காமல் போனவர்கள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எந்தச் செய்தியிலும் வராது. இன்னொன்று, செஸ் பலகை முன்னால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்காரலாம். 15 வயதுத் தோள்பட்டை எட்டு மணி நேரம் நீந்தாது. பள்ளியை நிறுத்தினால் மிச்சமாகும் ஏழு மணி நேரத்தில் அந்தப் பெண் தண்ணீரில் கூடுதலாக எவ்வளவு இருந்துவிட முடியும்? மீதி நேரம் போனில்தான் கரையும். பார்த்திருக்கிறேன்.

பெரிய பெயர்களைத்தான் பார்க்க வேண்டுமென்றால், அவர்கள் படிப்பை எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் தொடர்ந்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வாங்கும்போது 15 வயது, உங்கள் மகள் வயது. வாங்கிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார். பள்ளிப் படிப்பை முடித்த பிறகு, கல்லூரியில் சேர்வதை ஒரு வருடம் தள்ளிவைத்து 2016 ரியோவுக்குத் தயாரானார். அது முடிந்ததும் ஸ்டான்ஃபோர்ட். ஒரு படிப்பு முடிந்து அடுத்தது தொடங்காத இடமாகப் பார்த்து இடைவெளி எடுத்திருக்கிறார். டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானு 2021இல் கணிதமும் பொருளாதாரமும் படித்துப் பள்ளியை முடித்தார், அதே செப்டம்பரில் யுஎஸ் ஓபன் கோப்பை. ஸ்பெயின் கால்பந்து வீரர் லமின் யமால் 2024 யூரோ கோப்பைக்கு வீட்டுப்பாடத்தையும் கையோடு எடுத்துப் போனார். தொடர் நடக்கும்போதே பள்ளித் தேர்ச்சிச் செய்தி வந்தது, பிறகு ஸ்பெயின் கோப்பையையும் வாங்கியது. இவர்களெல்லாம் அபூர்வப் பிறவிகள், நம் பிள்ளைகளுக்கு அளவுகோல் இல்லை. ஆனால் "படித்தால் மேலே போக முடியாது" என்று யாராவது சொன்னால் சொல்ல ஒரு பதில் இருக்கட்டும்.

சரி, உங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். பதினொன்றேகாலுக்குப் படுத்து 4.15க்கு எழுகிறாள் என்றால் ஐந்து மணி நேரத் தூக்கம். வீட்டில் நீச்சலா படிப்பா என்று இரண்டு கட்சி பிரிந்திருக்கிறீர்கள், ஆனால் இரண்டு கட்சியும் கை நீட்டுவது ஒரே இடத்தில், அவளுடைய தூக்கத்தில். அந்த 46ஐ டியூஷன் வைத்துச் சரிசெய்யப் பார்த்தால் அதுவும் அங்கேதான் கை வைக்கும். டியூஷன் வேண்டாம்.

வேதியியலும் கணிதமும் விழுந்து, மொழியும் வரலாறும் நிற்பதைப் பார்த்தாலே எங்களைப் போன்றவர்களுக்குப் புரிந்துவிடும். வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் அந்த ஒரு பாடம்தான் போகும். வேதியியலில் மோல் கணக்கு நடத்திய வாரத்தில் பிள்ளை போட்டிக்குப் போயிருந்தால், அதற்கப்புறம் வருகிற சமன்பாட்டுக் கணக்கு, கரைசலின் செறிவு, தரம்பார்த்தல் (ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் செறிவை அளப்பது) எல்லாமே ஆட்டம் காணும். அவளுக்கு மூளை மழுங்கவில்லை, நடுவில் ஒரு படி இல்லை. அந்த விடைத்தாளை எடுத்து, மதிப்பெண் போன இடங்களுக்கு நேராக அவள் வகுப்பில் இல்லாத நாட்களை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில்தான் ஓட்டை இருக்கும். அதை அடைக்க மூன்று நான்கு உட்காரல் போதும், வருடம் முழுக்க டியூஷன் தேவையில்லை.

அடுத்து நாட்காட்டி. என்னிடம் வருகிற ஒவ்வொரு பெற்றோரையும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன், பாதிப் பேர் செய்வதில்லை. ஒரு பெரிய தாளில் மீதமுள்ள மாதங்களை வாரம் வாரமாகப் போடுங்கள். கோச்சிடம் சீசன் பிளானைக் கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்பார், விடாதீர்கள். எந்த வாரம் அதிக மீட்டர், எந்த வாரம் மீட் (போட்டி), எப்போது டேப்பர் (போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் காலம்), எப்போது ஓய்வு என்று கோச் யாராக இருந்தாலும் அவர் மனதில் ஓரளவு ஒரு கணக்கு இருக்கும். அதை ஒரு நிறத்தில் எழுதுங்கள். பள்ளியின் மாதத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பிராஜெக்ட் கெடு எல்லாம் வேறொரு நிறத்தில். இரண்டு நிறமும் மோதுகிற வாரங்கள் வருடத்தில் ஐந்தாறுதான் இருக்கும். நீங்கள் பள்ளியோடும் கோச்சோடும் பேச வேண்டியது அந்த வாரங்களைப் பற்றி மட்டும். தினமும் இரவு பதினொரு மணிக்கு அவள் அறை வாசலில் நின்று தீர்க்கிற சிக்கல் இல்லை இது.

டேப்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பெற்றோர் ரொம்பவும் தவறாகப் பயன்படுத்துவது அதைத்தான். பெரிய போட்டிக்கு முன்னால் சுமார் இரண்டு வாரம் பயிற்சியின் அளவைப் பாதி அளவுக்குக் குறைப்பார்கள், வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு அப்போதுதான் உடம்பிலிருந்து இறங்கும். பிள்ளை ஒரு மணி நேரம் சீக்கிரம் வீடு வருவாள். உடனே நாம், "அப்பாடா, நேரம் கிடைத்தது" என்று விட்ட பாடத்தையெல்லாம் அங்கே கொட்டுவோம். அவள் நள்ளிரவு வரை விழித்திருந்தால் கோச் குறைத்ததற்கு அர்த்தமே இல்லை. டேப்பரில் பழையதைத் திருப்பிப் பார்க்கலாம், புதுப் பாடம் வேண்டாம். புதுப் பாடத்தைப் போட்டி முடிந்த அடுத்த வாரத்துக்கு வையுங்கள். எப்படியும் கோச் சில நாள் ஓய்வு தருவார், பிள்ளைக்கும் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்காது. உங்கள் விஷயத்தில் அந்த ஓய்வு நாட்கள் இறுதித் தேர்வுக்கு நேர் முன்னால் வந்து விழுகின்றன. நீங்கள் பயப்படுகிற அந்தத் தேதியை நான் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். போட்டி தேர்வுக்கு அப்புறம் வந்திருந்தால்தான் தலைவலி.

பள்ளியிடம் எப்படிக் கேட்பது? போட்டிக்குப் போய்விட்டு வந்து மன்னிப்புக் கடிதம் கொடுக்காதீர்கள். பருவம் தொடங்கும் முன்பே, ஒரே பக்கத்தில், தேதிகளோடு கொடுங்கள். எந்த நாட்கள் வரமாட்டாள், அந்த நாட்களில் எந்தப் பாடங்கள் போகும், குறிப்புகளை யார் சேகரிப்பார், மறுதேர்வை எந்த வாரம் எழுதத் தயார். தலைமையாசிரியர்கள் மறுப்பது சலுகையை இல்லை, குழப்பத்தை. வேலை முடிந்த மாதிரி தாள் வந்தால் கையெழுத்து விழும். கூடவே ஒரே ஒரு ஆசிரியரைத் தொடர்புக்குக் கேளுங்கள். ஆறு ஆசிரியரிடம் பிள்ளை தனித்தனியாகக் கெஞ்சுவது கொடுமை. செய்முறை வகுப்பு விட்டால் அந்த வாரத்துக்குள் வேறொரு பிரிவோடு செய்ய அனுமதி வாங்குங்கள். தரம்பார்த்தலைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது, நிறம் மாறுகிற அந்த ஒரு துளியைக் கை பழக வேண்டும்.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று. அவளுக்கு வாரத்தில் விளையாட்டு வகுப்பு இருக்கும் இல்லையா? வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் பயிற்சி செய்கிறவளுக்கு அதில் எறிபந்து எதற்கு? அந்த இரண்டு பீரியடையும் நூலகத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வேதியியல் ஓட்டையை அங்கேயே அடைத்துவிடலாம். போதாவிட்டால் ஞாயிறு 10 முதல் 12.

எங்களிடம் ஒரு ஜூடோ பையன் இருந்தான். எடைப் பிரிவுக்காகப் போட்டிக்கு முந்தைய நாட்களில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வான். எடை பார்க்கும் வெள்ளிக்கிழமை காலையிலேயே செய்முறைத் தேர்வும் வந்து விழுந்தது. பியூரெட்டில் இருந்த கரைசலை அவன் பார்த்த பார்வையில் குடித்துவிடுவானோ என்று எனக்கே பயம். வளர்கிற பையன் அப்படி எடை குறைப்பது சரியா என்பது வேறு சண்டை, அதைக் கோச்சோடு தனியாகப் போட்டேன். ஆனால் இரண்டு நாட்காட்டியும் ஒரே தாளில் இருந்திருந்தால் அந்தத் தேர்வை யாரும் அந்த நாளில் வைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் தேதி மற்றவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான்.

பகுதி நேரப் பள்ளி பற்றி: நடு வருடத்தில் வேண்டாம். இந்த வருடத்தை முடிக்கட்டும். பாடங்களை இரண்டு வருடமாகப் பிரித்து எழுத உங்கள் தேர்வு வாரியம் அனுமதித்தால், அடுத்த வருடத்துக்கு அதை யோசியுங்கள். படிப்பை விட்டதாகவும் ஆகாது, மூச்சுவிட இடமும் கிடைக்கும்.

---

கணுக்கால்:

நான் பிசியோதெரபிஸ்ட். பதின்வயது விளையாட்டுப் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். டீச்சர் சொன்னதில் கிட்டத்தட்ட எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், ஞாயிறு 10 முதல் 12 தவிர. அந்தத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள் டீச்சர்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இது விளையாடாத பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் அளவு. 2014இல் வந்த ஓர் ஆய்வில் பள்ளி வயது விளையாட்டு வீரர்கள் 112 பேரைப் பார்த்தார்கள். 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 1.7 மடங்கு. தூக்கம்தான் காரணம் என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் கிளினிக்கில் பார்ப்பதோடு பொருந்துகிறது. மறுபக்கமும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரம் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க வைத்தார்கள். ஓட்டம் வேகமானது, ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், பதினொரு பேர். ஆனாலும் கோச்சிடம் காட்டுங்கள். கோச்சுகளுக்கு நொடிக் கணக்கில் சொன்னால்தான் காதில் ஏறும்.

"சீக்கிரம் படு" என்றால் மட்டும் தீராது. இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பது தாமதமாகத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால் புரண்டுகொண்டு கிடப்பாள். அதனால் வெட்ட வேண்டியது காலையில். வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை எடுத்துவிடுங்கள், செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நாள் 6.30க்கு எழட்டும். மற்ற நாட்களில் மதிய இடைவேளையில் 20 நிமிடம் தலை சாய்க்க இடம் கிடைக்குமா என்று பள்ளியில் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

உங்கள் கணக்குப்படி வாரத்துக்கு 25.5 மணி நேரம் பயிற்சி. வளரும் பிள்ளைகளுக்கு வாரப் பயிற்சி மணி நேரம் அவர்களின் வயதைத் தாண்ட வேண்டாம் என்று ஒரு விதி சொல்வார்கள். 15 வயதுக்கு 15 மணி. உயர்மட்ட நீச்சலில் அதை யாரும் கடைப்பிடிப்பதில்லை, எனக்குத் தெரியும். தண்ணீர் உடலைத் தாங்குவதால் முழங்காலும் கணுக்காலும் ஓரளவு தப்பித்துவிடும். தோள் தப்பிக்காது. அவள் சமீபத்தில் மளமளவென்று உயர்ந்தாளா? கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் முன்பக்கம் வலிக்கிறது என்கிறாளா? பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதைக்கு முழங்கால் உள்பக்கம்? இருந்தால் வலி மாத்திரையோடு விட்டுவிடாமல் காட்டுங்கள்.

அம்மாவிடம் மட்டும் ஒரு கேள்வி. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் தொடர்ந்து நின்றிருந்தால், அல்லது 15 வயதாகியும் இன்னும் தொடங்கவே இல்லை என்றால், மருத்துவரிடம் போங்கள். "நிறைய பயிற்சி செய்கிற பெண்களுக்கு அப்படித்தான்" என்று நீச்சல்குளத்தில் யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். செலவாகிற சக்திக்கு ஏற்பச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் உடல் முதலில் நிறுத்துகிற விஷயங்களில் அதுவும் ஒன்று, அடுத்து எலும்பின் வலுவில் கை வைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் இப்படி வெளிப்படையான அடையாளம் இருக்காது. மதிப்பெண் விழுவது, எரிந்து விழுவது, நேரம் முன்னேறாமல் நிற்பது எல்லாம் இதனாலும் இருக்கலாம். இரும்புச் சத்தையும் ஒரு தடவை பரிசோதியுங்கள்.

---

தடைதாண்டி:

ஆன்ட்டி, எனக்கு 17 வயசு, 400 மீட்டர் ஹர்டில்ஸ். எல்லாரும் நல்லாதான் சொல்றாங்க, ஆனா உங்க பொண்ணு என்ன சொல்றாங்கன்னு மேலே எங்கேயும் இல்லையே? கோச், டீச்சர், அப்பா, பாட்டி எல்லாரும் இருக்காங்க.

நான் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். பயிற்சி முடிஞ்சு வண்டியில ஏறினதும் மார்க் பத்தியும் கேக்காதீங்க, டைமிங் பத்தியும் கேக்காதீங்க. வீட்டுக்கு வர்ற அந்த முக்கால் மணி நேரம்தான் யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்காத நேரம். எங்க அம்மா அதை நிறுத்தின அப்புறம்தான் நானே பேச ஆரம்பிச்சேன்.

படிப்புக்கு எனக்கு உதவினது, படிச்ச உடனே புத்தகத்தை மூடிட்டு ஞாபகம் இருக்கிறதை எழுதிப் பார்க்கிறது. திரும்பத் திரும்ப வாசிக்கிறதை விட்டுட்டேன். அரைத் தூக்கத்துல வாசிச்சா பக்கம்தான் திரும்பும், எதுவும் ஏறாது. கேள்வியை ஒரு அட்டையில ஒரு பக்கம், பதிலை மறுபக்கம் எழுதி பையில வச்சிருப்பேன். மீட்ல ஹீட்ஸ் (முதல் சுற்று) முடிஞ்சு ஃபைனலுக்கு மணிக்கணக்கா காத்திருக்கணும், நீச்சல்லயும் அப்படித்தானே? அப்போ எடுத்துப் பார்ப்பேன். பதட்டமும் குறையும்.

டர்போ அண்ணா, எங்க குரூப்ல ஒரு அக்கா பள்ளியை விட்டுட்டு முழுநேரமா வந்தாங்க. அடுத்த சீசன்லயே தொடை தசை கிழிஞ்சிருச்சு, மாசக்கணக்கா ஓட முடியல. அப்போ அவங்களுக்குக் காலைல எழுந்து போக ஒரு இடமே இல்லை. அதைத்தான் ரொம்பக் கஷ்டமா சொன்னாங்க, கால் வலியைக்கூட இல்லை.

---

டர்போ:

தங்கச்சி சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனாலும் காலைப் பயிற்சியை இரண்டு நாள் எடுத்தால் மெட்லி நேரம் ஏறும், அதாவது மெதுவாகிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் நீந்திக்கொண்டிருப்பார்களே?

---

கணுக்கால்:

நீந்தட்டும். ஐந்து மணி நேரம் தூங்கிய உடம்போடு காலை 5 மணிக்கு நீந்துவது வெறும் மீட்டர் சேர்ப்பதுதான், நுட்பம் அதில் சேராது. களைத்த பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை கெட்ட பழக்கமாக உறைந்துவிடும். ஆறு வாரம் குறைத்துப் பார்த்துவிட்டு, அதே பயிற்சி செட்டை வைத்து நேரத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். ஏறியிருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

---

இருகரை:

எல்லோருக்கும் நன்றி. தடைதாண்டி, நீ கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. ஞாயிறு மாலை அவளிடமே கேட்டேன். நீச்சலை விட மாட்டாளாம், பள்ளியையும் விட மாட்டாளாம், அவளுடைய தோழிகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்களாம். "காலையில் தண்ணீரில் இறங்கும்போது குளிரில்லாமலே நடுங்குகிறேன், சொன்னால் கோச் நினைப்பார் நான் சோம்பேறி என்று" என்றாள். எனக்கு இது தெரியாது.

கோச்சிடம் பேசினோம். இரண்டு காலை முடியாது என்றார். கணுக்கால் சொன்ன ஆறு வாரச் சோதனையைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி, வியாழக்கிழமை மட்டும் விடுகிறேன், செவ்வாய் 5.30க்கு வரட்டும் என்றார். முழு வெற்றி இல்லை. சீசன் பிளானைக் கேட்டதும் முதலில் முகம் மாறியது, அப்புறம் போனிலேயே காட்டினார், எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார். மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இரும்புச் சத்தோடு மற்றதையும் கேட்கிறேன்.

பெரிய தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. மாமியார் தினமும் அதைப் படித்துவிட்டு எனக்குத் தேதி சொல்கிறார். மோதுகிற வாரங்கள் நான்குதான் வந்தன. பள்ளிக்கான கடிதம் பாதி எழுதியிருக்கிறேன், விளையாட்டு வகுப்பு விஷயத்தை எழுதும்போது சிரிப்பு வந்தது.

டீச்சர், விடைத்தாளைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான். 21 மதிப்பெண் போனது மோல், செறிவு இரண்டிலும். அவள் மண்டலப் போட்டிக்குப் போன வாரம் அது. எங்கிருந்து தொடங்கச் சொல்லலாம்?

---

அமிலமும் காரமும்:

21 மதிப்பெண் ஒரே இடத்திலா? ரொம்ப நல்லது, சிதறியிருந்தால்தான் கஷ்டம். செறிவை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முதல் உட்காரலில் மோல் நிறை மட்டும்: நீர், சாதாரண உப்பு, கார்பன் டை ஆக்சைடு, சல்ஃபூரிக் அமிலம் என்று நான்கு சேர்மங்களுக்குக் கையால் கணக்கிடட்டும், 18, 58.5, 44, 98 வர வேண்டும். இரண்டாவதில் கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து கிராம், இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கணக்கு. இது தடுமாறாமல் வந்த பிறகுதான் சமன்பாடு. கடைசியில் செறிவு, அது அப்போது தானாக விழும்.

நூலக பீரியடில் முதல் இரண்டையும் முடித்துவிடலாம், கணுக்கால் சொன்னபடி ஞாயிறை விட்டுவிடுகிறேன். அவள் செய்த கணக்குகளைப் படம் எடுத்து இங்கேயே போடச் சொல்லுங்கள், பெயர் தெரியாமல். வியாழன் மாலை எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கும், அதோடு சேர்த்து இவளுடையதையும் பார்த்துவிடுகிறேன். மண்டலப் போட்டி வாரத்தில் கணிதத்தில் என்ன நடத்தினார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள், அந்த 61க்கும் அங்கேதான் பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.